அந்தப் பிள்ளை பிழையாகப் பேசவில்லை

அவுஸ்திரேலியாவின் வட மண்டலத்தில், கேத்தரின் நகரத்துக்குக் கிழக்கே பல மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில், பாடசாலையின் பின்னறையொன்றில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் முன்னால் நான் அமர்ந்திருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு படப்புத்தகம் இருந்தது. பேச்சு மொழிச் சிகிச்சையாளர்கள் எங்கும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: ஒரு படத்தைச் சுட்டிக் காட்டி, "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தாள், பிறகு கதவருகே தரையில் அமர்ந்திருந்த தன் அம்மம்மாவைப் பார்த்தாள். பன்னிரண்டு படங்களில் மூன்றுக்கு மட்டும் மெல்லிய குரலில் பதில் வந்தது. மீனின் படத்துக்கு அவள் 'பிஷ்' என்றாள். ஆங்கிலத்தின் 'ஃபிஷ்' இல்லையே என்று விடைத்தாளில் பிழை அடையாளம் இட்டு, ஒலித்திரிபு என்று பக்கத்தில் எழுதினேன்.

நான் புத்தகத்தை மூடும்வரை அம்மம்மா எதுவும் பேசவில்லை. பிறகு, "இம் சபி" என்றார். கிரியோல் மொழியில் 'அவளுக்குத் தெரியும்' என்று பொருள். சற்று நேரம் கழித்து, "படம் உன் கையில்தானே இருக்கிறது, உனக்குத் தெரிந்ததை ஏன் அவளிடம் கேட்கிறாய்?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே அறிய விரும்பித்தான் கேட்டார். எனக்கோ பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாக மனத்தில் சுமந்துகொண்டிருக்கிறேன். விடை தெரிந்துகொண்டே கேள்வி கேட்பது பாடசாலைக்கும் பரீட்சைக்கும் பழகிப்போன குடும்பங்களின் வழக்கம். அவுஸ்திரேலியப் பூர்வகுடிச் சமூகங்கள் பலவற்றில், அறியாதவர்தான் கேட்பார். அறிந்தவர் தாமாகச் சொல்வார், அல்லது பக்கத்தில் இருத்திச் செய்து காட்டுவார். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு, கையில் மீன் படத்தை வைத்துக்கொண்டு இது என்னவென்று கேட்கும் அந்நியப் பெண் விளங்காத ஓர் ஆள். ஏதோ பொறி வைக்கிறாள் என்று பிள்ளை நினைத்தால் அதில் தவறில்லை. நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காமல் இருப்பது அங்கே மரியாதை. உடனே பதில் சொல்லாமல் இருப்பது யோசிப்பதன் அடையாளம். நான் கற்ற பாடநூலிலோ அவை இரண்டும் 'தொடர்பாடல் குறைபாட்டின் அறிகுறிகள்' என்ற பட்டியலில் இருந்தன.

இதை எழுதும் நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். டார்வினில் குடியேறி வாழ்கிறேன். அது லராக்கியா மக்களின் நிலம். எந்த உடன்படிக்கையும் இல்லாமல் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்ட அந்த நிலத்தில்தான் என் வீடு நிற்கிறது. வெள்ளைக்காரர் அல்லாதவள், போரிலிருந்து தப்பி வந்தவள் என்பதால் இந்த வரலாற்றில் எனக்குப் பங்கில்லை என்று முதல் சில ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அன்று அந்த அறையில் விடைத்தாளும் பேனாவும் என் கையில்தான் இருந்தன. எது சரியான பேச்சு, எது பிழையான பேச்சு என்று தீர்மானிக்கும் அதிகாரம் என் கையில் இருந்தது. அதை யார் எனக்குத் தந்தார்கள் என்று நான் கேட்டுப் பார்த்ததே இல்லை.

அந்தச் சிறுமி பேசும் மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோப்பர் ஆற்றங்கரையில், இன்று ஙுக்கர் எனப்படும் இடத்தில், 1908இல் ஒரு கிறிஸ்தவ மிஷன் அமைந்தது. கால்நடைப் பண்ணைக்காரர்களின் துப்பாக்கிகளுக்குத் தப்பிய பல மொழிக் குழுக்களின் மக்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் ஒன்றாக வளர்ந்தபோது, ஆங்கிலச் சொற்களைக் கொண்டும் தம் முன்னோரின் மொழிகளின் இலக்கண எலும்புகளைக் கொண்டும் உருவான மொழிதான் கிரியோல். அதை உடைந்த ஆங்கிலம் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டேன். 'இம்' என்ற ஒரே சொல்லை அவனுக்கும் அவளுக்கும் அதற்கும் பயன்படுத்தும் பிள்ளைக்கு, பிரதிப்பெயர்களில் குழப்பம் என்று அறிக்கை எழுதினேன்.

அதே மொழியில் 'யுன்மி' என்றும் 'மிந்துபாலா' என்றும் இரு சொற்கள் உண்டு. முன்னது 'நீயும் நானும்'. பின்னது 'நீ இல்லாமல், நானும் இன்னொருவரும்'. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடே கிடையாது. தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாமும் நாங்களும் ஒன்றல்ல என்பதை நம் பிள்ளைகள் மூன்று நான்கு வயதுக்குள் பிடித்துக்கொள்கிறார்கள். நான் அந்த வேறுபாட்டை என் தாய்மொழியில் நாள்தோறும் பயன்படுத்துபவள். இருந்தும் ஆங்கிலச் சோதனைத்தாள் அதைக் கேட்காததால் நானும் கேட்கவில்லை. 'பிஷ்' என்பதும் அப்படித்தான். பெரும்பாலான அவுஸ்திரேலிய மொழிகளில் ஃப, ஸ போன்ற உரசொலிகள் இல்லை. அம்மொழிகளின் நிழலில் வளர்ந்த கிரியோலில் பலர் அவ்விடத்தில் பகர ஒலியைச் சொல்கிறார்கள். என் அம்மம்மா வாழ்நாள் முழுவதும் காப்பி என்றுதான் சொன்னார். அவருக்குப் பேச்சுக் குறைபாடு என்று எவரும் சீட்டு எழுதவில்லை.

இன்னொரு விடயத்தையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். வடகிழக்கு ஆர்னெம் நிலத்தில் பேசப்படும் யோல்ஙு மொழிகளில் ந, ன, ண, ம, ங, ஞ என்று நம் நெடுங்கணக்கில் உள்ளது போன்ற ஆறு மெல்லினங்களும் உண்டு. பல்லில் நா படும் தகரமும், ஈழத்துப் பேச்சில் 'காற்று' என்னும்போது வருகிற றகர ஒலியும், நா மடியும் டகரமும் மூன்று தனித்தனி ஒலிகளாக அங்கே நிற்கின்றன. ஆங்கிலம் மட்டுமே அறிந்த சக பணியாளர்களுக்கு ஒரே ஒலியாகக் கேட்பவை எனக்கு வேறு வேறாகக் கேட்டன. இந்த ஒற்றுமைகளில் சிலவற்றைக் கண்டே ரொபேட் கால்ட்வெல் 19ஆம் நூற்றாண்டில் திராவிட மொழிகளையும் அவுஸ்திரேலிய மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார். இரண்டுக்கும் உறவு உண்டு என்பதை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. உறவு இல்லாவிட்டால் என்ன, நம் காது அங்கே உதவுகிறது. ஆனால் கூர்மையான காது இருப்பது வேறு, கேட்கப் பழகுவது வேறு என்பதையும் அதே ஊர்கள்தான் எனக்குக் காட்டின.

சுகாதாரத் துறையில் வழங்கும் 'பண்பாட்டுப் பாதுகாப்பு' (cultural safety) என்ற தொடரைத் தமிழில் எழுதும்போது எனக்குத் தயக்கம் உண்டு. பண்பாட்டைக் காப்பாற்றுவது என்று அதைப் படித்துவிடலாம்; சொல்ல வந்த பொருள் அதுவன்று. நியூசிலாந்தில் மவோரி இனத்தைச் சேர்ந்த தாதியான இரிஹாபெட்டி ராம்ஸ்டன் 1980களின் பிற்பகுதியில் இக்கருத்தை வளர்த்தெடுத்தார். 1992இல் அந்நாட்டுத் தாதியர் மன்றம் அதைப் பயிற்சியின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. சிகிச்சைக்கு வருபவர் தம் அடையாளம் சிறுமைப்படாமல், அச்சமின்றி அங்கே இருக்க முடிகிறதா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அதற்கு விடை சொல்லும் உரிமையைச் சிகிச்சை தருபவரிடமிருந்து எடுத்துப் பெறுபவரிடம் கொடுத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். அவுஸ்திரேலியச் சுகாதாரத் தொழிலர்களைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பும் 2020இல் தன் வரையறையில், பண்பாட்டுப் பாதுகாப்பைத் தீர்மானிப்பவர்கள் பூர்வகுடித் தனிநபர்களும் குடும்பங்களும் சமூகங்களுமே என்று எழுதியிருக்கிறது. அந்தப் பதிவின் கீழ் எங்கள் தொழில் வருவதில்லை. எங்களுடைய சொந்தச் சங்கமே எங்களை நெறிப்படுத்துகிறது. ஆனாலும் அந்த வரையறை எங்களையே நோக்கி எழுதப்பட்டது போல எனக்குத் தோன்றும். ஒரு நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, நான் பாதுகாப்பானவள் என்று நானே சொல்லிக்கொள்ள முடியாது. கதவருகே அமர்ந்திருக்கும் அம்மம்மாதான் சொல்ல வேண்டும்.

பல் மருத்துவருக்கோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளருக்கோ இல்லாத ஒரு சுமை இந்தத் தொழிலுக்கு உண்டு. இந்த நாடு பூர்வகுடி மக்களிடமிருந்து பறித்தவற்றில் மொழி முதன்மையானது. நாங்கள் கையாளும் பொருளும் மொழியே. மனித உரிமை ஆணைக்குழு 1997இல் வெளியிட்ட அறிக்கை, 1910க்கும் 1970க்கும் இடையில் பூர்வகுடிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை குடும்பங்களிலிருந்து பலவந்தமாகப் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. டார்வினிலேயே 1913இல் தொடங்கிய காஹ்லின் முகாம் அப்படிப் பிரிக்கப்பட்ட பிள்ளைகளை அடைத்து வைத்த இடங்களில் ஒன்று. இத்தகைய விடுதிகள் பலவற்றில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். ஐரோப்பியர் வந்தபோது 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்ட இக்கண்டத்தில், குழந்தைகள் தாய்மொழியாகக் கற்று வளரும் மரபு மொழிகள் இன்று ஒரு டசின் அளவில்தான் இருக்கின்றன. இது பழங்கதையும் அன்று. 1970களில் வட மண்டலத்தில் தொடங்கிய இருமொழிக் கல்வி பல ஊர்களில் வேரூன்றியிருந்தபோது, ஒவ்வொரு நாளும் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும் என்று மண்டல அரசு 2008 ஒக்டோபரில் அறிவித்தது. அதே ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதிதான் பிரதமர் கெவின் ரட், பறிக்கப்பட்ட தலைமுறைகளிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தார்.

இந்தப் பின்னணியில், அரசு வாகனத்தில் வந்திறங்கி, பிள்ளையைத் தனியறைக்கு அழைத்துப்போய், அவள் பேசுவதில் பிழை எண்ணும் ஒரு பெண் அந்த அம்மம்மாவின் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருப்பாள்? அவர் கதவருகே ஏன் அமர்ந்திருந்தார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது. பேத்தியை நான் எங்கும் கொண்டுபோய்விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

'நல்லிணக்கம்' என்ற சொல்லைக் கேட்டால் ஈழத்தவருக்கு வரும் கசப்பு எனக்கும் உண்டு. 2010இல் எங்கள் நாட்டில் அந்தச் சொல்லைத் தன் பெயரிலேயே சூடிக்கொண்டு ஓர் ஆணைக்குழு அமைந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இன்றும் தெருவோரத்தில் படங்களுடன் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே அவுஸ்திரேலியாவில் அலுவலகங்கள் நல்லிணக்கச் செயற்றிட்டங்களை அச்சிட்டுச் சுவரில் மாட்டுவதையும், கூட்டங்களின் தொடக்கத்தில் நிலத்தின் உரித்தாளர்களுக்கு வணக்கம் சொல்வதையும் முதலில் ஐயத்தோடுதான் பார்த்தேன். 2023 ஒக்டோபர் 14 வாக்கெடுப்பில், நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லப் பூர்வகுடிகளுக்கு 'குரல்' என்ற அமைப்பு வேண்டும் என்ற முன்மொழிவை வாக்களித்தவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். வட மண்டலத்தின் தொலைதூரப் பூர்வகுடி ஊர்களிலோ பெரும்பான்மையோர் 'ஆம்' என்றே வாக்களித்திருந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஊருக்குப் போனபோது எவரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை, வழக்கமாகத் தேநீர் குடிக்கும் இடத்தில் அமர்ந்திருந்தோம். எந்தச் சொல்லும் அன்று போதாது என்று எனக்குத் தோன்றியது.

மௌனத்தைப் பற்றி அங்கே நான் கற்றவை பல. டேலி ஆற்றங்கரையைச் சேர்ந்த மூதாட்டியான மிரியம் ரோஸ் அங்குன்மெர், 'தாதிரி' என்னும் ஆழ்ந்து கேட்கும் வழக்கத்தைப் பற்றிப் பேசியும் எழுதியும் வருகிறார். அமைதியில் காத்திருப்பதே அதன் உள்ளீடு. வார்ல்பிரி மக்களிடையே கணவனை இழந்த பெண்கள் நீண்ட காலம் பேசாமல், மிக வளமான சைகை மொழி ஒன்றிலேயே எல்லாவற்றையும் உரையாடும் மரபு உண்டு. இறந்தவரின் பெயரைச் சொல்லாமல் தவிர்ப்பது பல சமூகங்களில் வழக்கம். அந்தப் பெயரை ஒத்து ஒலிக்கும் சாதாரணச் சொல்லையும் சில காலம் எவரும் சொல்லமாட்டார்கள். ஒரு படத்துக்கு மட்டும் பிள்ளை வாய் திறக்க மறுத்தால் அதற்குச் சொல்வளக் குறைவு காரணமாக இருக்கலாம். சென்ற மாதம் வீட்டில் நடந்த இழவும் காரணமாக இருக்கலாம். இரண்டில் எது என்பதை என் கைநூல் சொல்லாது.

உறவுமுறையில் எனக்கு ஒரு வழி கிடைத்தது. அந்தச் சிறுமியின் பழைய கோப்பில் யாரோ, 'மூன்று தாய்மார் என்கிறாள். குடும்ப அமைப்புத் தெளிவில்லை' என்று எழுதி வைத்திருந்தார்கள். தாயின் சகோதரிகளும் தாய்மாரே என்பது அங்கே முறை. பெரியம்மாவும் சின்னம்மாவும் உள்ள வீட்டில் வளர்ந்த எனக்கு அதில் தெளிவில்லாதது எதுவும் இல்லை. தாயின் சகோதரனை மட்டும் வேறு சொல்லால் அழைப்பதும் நமக்குப் பழக்கமானதே. இதை நான் அம்மம்மாவிடம் சொன்ன நாளில்தான் அவர் முதன்முறையாக என்னிடம் கேள்விகள் கேட்டார்: எனக்கு எத்தனை தாய்மார், என் நிலம் எங்கே, அங்கே இப்போது யார் இருக்கிறார்கள். அரை நாள் அதிலேயே போயிற்று. அன்று நான் ஒரு சோதனையும் செய்யவில்லை.

பண்பாட்டை மதிப்பது என்றால் எல்லாவற்றையும் 'அவர்கள் வழக்கம்' என்று விட்டுவிடுவதல்ல. அதுவும் ஒருவகைக் கைவிடல்தான். அந்தச் சிறுமிக்கு உண்மையிலேயே ஓர் இடர் இருந்தது. பாடசாலையில் உதவி ஆசிரியையாக இருந்த உள்ளூர்ப் பெண், "யுன்மி, மிந்துபாலா இரண்டையும் இவளைவிடச் சிறிய மச்சாள் சரியாகச் சொல்கிறாள், இவள் மாற்றிச் சொல்கிறாள், மின்விசிறி ஓடும்போது கூப்பிட்டால் திரும்புவதில்லை" என்றார். கிரியோலில் பிறந்து வளர்ந்த ஒருவர் மட்டுமே கண்டிருக்கக்கூடிய அறிகுறி அது. காதைப் பரிசோதித்தபோது இரு செவிப்பறைகளின் பின்னாலும் நீர் தேங்கியிருந்தது. நடுக்காது அழற்சி வட மண்டலத்தின் பூர்வகுடிக் குழந்தைகளிடையே பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கிவிடுவதுண்டு. நெரிசலான வீடுகளும் தண்ணீர் வசதிக் குறைவும் அதற்கு வழி வகுக்கின்றன. குழந்தைகளில் 4 விழுக்காட்டுக்கு மேல் நாட்பட்ட சீழ்க்காது இருந்தாலே அது மாபெரும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையை இவ்வூர்களில் பல நெடுங்காலமாகத் தாண்டி நிற்கின்றன. மெல்லிய ஒலிகள் கேட்காத காதோடு ஒரு பிள்ளை மொழி கற்கிறாள். நானோ அவளுடைய பகர ஒலியை எண்ணிக்கொண்டிருந்தேன். இல்லாத பிழையைக் கண்டதும் இருந்த நோயைக் காணாததும் ஒரே படப்புத்தகத்தால் நேர்ந்தவை.

இப்போது நான் ஊருக்குப் போனால் முதலில் அந்த உதவி ஆசிரியையிடம் போகிறேன். யார் யாரோடு ஒரே அறையில் அமரக் கூடாது என்பதை அவர் சொல்லித் தருகிறார். சில உறவினர் ஒருவரை ஒருவர் தவிர்க்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான முறை, அதை அறியாமல் ஒரு முறை நாற்காலிகளை அடுத்தடுத்துப் போட்டு இருவரைச் சங்கடப்படுத்தியிருக்கிறேன். தேவையான இடத்தில், 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் பூர்வகுடி மொழிபெயர்ப்பாளர் சேவையிலிருந்து ஒருவரை அழைக்கிறேன். பிள்ளையைத் தனியறைக்கு அழைத்துப்போவதில்லை. உதவி ஆசிரியை செய்யும் பணிக்கு என்னுடைய சம்பளத்தில் ஒரு பகுதிதான் அவருக்குக் கிடைக்கிறது என்பதை ஒவ்வொரு ஆண்டும் எழுத்தில் மேலிடத்துக்குத் தெரிவிக்கிறேன். இதுவரை மாற்றம் இல்லை, தொடர்ந்து தெரிவிப்பேன்.

சென்ற உலர்பருவத்தில் ஆற்றங்கரைக்குப் போனோம். காதில் சிறு குழாய் வைத்த பிறகு சிறுமிக்குக் கேட்கத் தொடங்கியிருந்தது. அம்மம்மா தூண்டிலில் இரை கோத்துக்கொண்டே முன்பொருமுறை பிடித்த பெரிய பாரமுண்டி மீனின் கதையைச் சொன்னார்; நடுவில் நிறுத்திவிட்டு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் வாய் திறக்கவில்லை. சிறுமி அந்த இடத்திலிருந்து கதையை எடுத்துத் தொடர்ந்தாள். மீன் எப்படி இழுத்தது, யார் வழுக்கி விழுந்தார், எவ்வளவு பெரியது என்று இரு கைகளையும் விரித்துக் காட்டி, ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அம்மம்மாவின் சம்மதத்தோடு அதைப் பதிவு செய்தேன். யார் கேட்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்பதை அவரே சொன்னார்.

அறிக்கையை எழுதி முடித்ததும் அனுப்பிவிடவில்லை. மறுமுறை போனபோது அச்சிட்டுக் கொண்டுபோய், உதவி ஆசிரியை கிரியோலில் சொல்லச் சொல்ல அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். இரண்டாம் பக்கத்தில் 'குறைபாடு' என்ற சொல் வந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். காது நோயைப் பற்றிய பகுதி மூன்றாம் பக்கத்தில் ஏன் கிடக்கிறது, அதுதானே முதலில் வந்தது என்று கேட்டார். அந்தச் சொல்லை நீக்கினேன். காதைப் பற்றிய பகுதியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். மீன் கதையையும் சேர்க்கச் சொன்னார். பிள்ளையின் சொற்களிலேயே, கிரியோல் எழுத்துமுறையில் சேர்த்தோம். திருத்திய தாளை இன்னொரு முறை வாசிக்கக் கேட்டுவிட்டு, ஒரு பிரதியை நான்காக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.